மலைக்காற்றுக்குக் கட்டிய கார்

அந்தக் காரை ஓட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையூர் ரிங்லெட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஓட்டியது என் அண்ணன் என்கிறார்கள். இன்னும் சிலர் யாரோ ஒரு சீனப் பையன் என்கிறார்கள். காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீடாக இருந்தாலும் எழுந்து போய், "ஐயா, அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை இதுதான், பாத்துக்குங்க" என்று நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயன் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவும் நானும் கொழுந்து எடுக்கப் போவோம். அண்ணன் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டர். அரைக்கிற மெஷின், காய வைக்கிற மெஷின், சலிக்கிற மெஷின், எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதில் சலிக்கிற அறைதான் அவனைக் கெடுத்தது. அங்கே தேயிலைத் தூசி புகை மாதிரி எழும்பும். அதற்குள் மணிக்கணக்கில் நின்று வேலை பார்த்து, அவன் மூச்சு விட்டாலே விசில் கேட்கும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டான், இருமல் வந்துவிடும். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "தூசியும் ஆகாது, குளிரும் ஆகாது. மலையை விட்டு எறங்கி வேற வேலை பாரு. இங்கேயே கெடந்தேன்னா நெஞ்சு தாங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். இறங்கி எங்கே போவது? அண்ணன் மலைக்குக் கீழே தாப்பாவுக்குப் போய் ஒரு கார் பட்டறையில் வேலை கேட்டான். சாதாரணப் பட்டறை இல்லை அது. பந்தயக் கார் கட்டுகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஈயச் சுரங்கத்துப் பக்கம் நேர் ரோட்டில் இரண்டு இரண்டு காராக விடுவார்கள். பட்டறை முதலாளி சீனர். எல்லாரும் தவுக்கே என்பார்கள், முதலாளி என்று அர்த்தம். அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்து மலாயில் சொன்னாராம்: "நீ தோட்டத்து ஆளு. ஒரே இடத்துல நின்னு உருமுற எஞ்சினைத்தான் பார்த்திருப்பே. ஓடுற எஞ்சின் உனக்கு எப்படித் தெரியும்? நீயே ஒரு கார் கட்டி எடுத்துட்டு வா. என் பையன் காரை அது ஜெயிச்சா அன்னைக்கே வேலை."

அது ஆளைத் துரத்துவதற்காகச் சொன்ன பேச்சு. எந்தப் புத்திசாலிக்கும் புரியும். எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அண்ணன் வந்து சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காரு எடுக்கலாம்?" என்பதுதான்.

கார் எங்கள் கண் முன்னாலேயே கிடந்தது. முன்பு தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்த சின்ன துரை ஒருவர் இரண்டு கதவு ஜப்பான் கார் வைத்திருந்தார். ஒரு மழை நாளில் அதைத் தேயிலைக்குள் உருட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து வந்து, மாற்றலாகிப் போய்விட்டார். கார் தொழிற்சாலைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கோழி முட்டையிடும் இடமாக இருந்தது. அண்ணன் பெரிய துரையிடம் போய் நின்றான். "அள்ளிக்கிட்டுப் போ, இடமாவது காலியாகட்டும்" என்றார் அவர். டிராக்டரில் கட்டி இழுத்து, லயனுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டோம். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"காரு கட்டறாங்களாம் காரு. கூரை ஒழுகுது, அதைக் கட்டுங்கடா முதல்ல."

அம்மாவுக்கு அண்ணன் கீழே போவதில் சம்மதமே இல்லை. டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. இஞ்சியும் மிளகும் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். கீழே வெயில், கொசு, தெரியாத ஊர், அங்கே பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள் என்று ஆரம்பித்தாளென்றால் நிறுத்த மாட்டாள். ஒரே ஆண்பிள்ளை. பயம்தான், வேறொன்றுமில்லை.

நான் கார் ஓட்டக் கற்றதே தள்ளுவதற்கு ஆள் இல்லாததால்தான். வண்டி கிளம்பாதபோதெல்லாம் அண்ணன் பின்னாலிருந்து தள்ளுவான், நான் உள்ளே உட்கார்ந்து பிடிப்பேன். அது அடிக்கடி கிளம்பாமல் இருந்ததால் நான் சீக்கிரமே நன்றாகப் பிடித்தேன். லைசென்சும் எடுத்தேன். கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் ஏறி இறங்கிய கால் எனக்கு. கிளட்ச் என்ன பிரமாதம்?

ஆனால் பந்தயத்தில் ஓட்டுவது அண்ணன் என்றுதான் முதலில் பேச்சு. கார் லேசாக இருந்தால்தான் எடுத்தவுடன் பாயும் என்று அவன் பின் சீட்டைக் கழற்றினான். கதவின் உள் அட்டை, ஸ்பேர் டயர், ரேடியோ, கால் விரிப்பு எல்லாம் போயின. சாம்பல் கிண்ணத்தைக்கூட விடவில்லை. அதைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டு நின்றவனிடம் நான் சொன்னேன்:

"அண்ணே, இன்னும் ஒரு சாமான் மிச்சம் இருக்கு. அதையும் கழட்டிட்டா பறக்கும்."

"எதுடி?"

"நீதான்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மூச்சு வாங்கினாலும் ஆள் நல்ல கனம். மறுநாள் சாயந்திரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். கங்காணியிடம் சொல்லி, தராசில் முதலில் அவனைத் தொங்க வைத்தேன், பிறகு நான் தொங்கினேன். முள் நின்ற இடத்தைப் பார்த்து அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். கங்காணி, "தம்பி, உன் தங்கச்சி ரெண்டு பேரு சேர்ந்தாத்தான் நீ ஒரு ஆளு" என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

எஞ்சின் விஷயத்தில் அண்ணன் அவசரப்படவே மாட்டான். அதன் மேல் பாதியைத் 'தலை' என்பார்கள். அதன் அடியைத் தேய்த்துக் குறைத்தால் உள்ளே காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுகி வெடிக்கும், வேகம் கூடும். தேய்ப்பதற்கு எங்களிடம் மெஷின் ஏது? தோட்டத்துக் கணக்கர் கிராணியின் ஆபீஸ் மேஜைக் கண்ணாடி ஒரு மூலை உடைந்து மாற்றியிருந்தார்கள். அந்தத் தடித்த கண்ணாடியைக் கேட்டு வாங்கினோம். அதன்மேல் உப்புத்தாளை விரித்து, தலையைக் கவிழ்த்து வைத்து, நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து மாவு அரைப்பதுபோல ஆட்டி ஆட்டித் தேய்த்தோம். கொஞ்சம் தேய்ப்போம், மாட்டுவோம், ஓட்டிப் பார்ப்போம். அளவுக்கு மீறித் தேய்த்தால் எஞ்சின் 'தட்டும்' என்று அண்ணன் சொல்லியிருந்தான். பால் டின்னுக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போலச் சத்தம் வருமாம். வந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். எங்களுக்கு வரவேயில்லை. வராததால் இன்னும் தேய்த்தோம்.

கார்புரேட்டரும் அப்படித்தான். ஆரம்பத்தில் பெட்ரோல் அதிகமாகிப் பிளக்கெல்லாம் கரியாக இருந்தது. பெட்ரோல் வரும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகாணிக்கு ஜெட் என்று பெயர். அண்ணன் துளை சிறுத்த ஜெட்டுகளாக மாற்றி மாற்றிப் போட்டான். பிளக் நல்ல காய்ந்த மண் நிறத்துக்கு வந்த அன்று, நான் ஏரிப் பக்கத்து ரோட்டில் காரை விட்டேன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்றைத் தாண்டினேன். தாண்டினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. லோரி அங்கே நின்றுகொண்டிருந்தது போலவே இருந்தது. திரும்பி வந்து இறங்கிக் குதித்தேன். அவ்வளவு சந்தோஷம். அண்ணன் பழைய ஜெட்டுகளை ஜன்னல் கட்டையில் வைத்து, "இனி அது எதுக்கு?" என்றான். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். ஒரு வாரமாக எங்களோடு பேசாத அம்மா வெளியே வரவில்லை. கற்பூரத்தை நான்தான் காட்டினேன்.

ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரைக்கும் வளைவுதான், இறக்கம்தான். ஆக்சிலேட்டரைத் தொட வேண்டிய வேலையே இல்லை. கார் தானாக உருண்டு வந்தது. கீழே வந்ததும் எப்போதும்போல எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. மலையில் இருக்கிற எங்களுக்கு அது பழக்கம். அண்ணன் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

சுரங்கத்து ரோட்டில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். தவுக்கே அண்ணனை அடையாளம் கண்டு, "அட, வந்துட்டானே!" என்று சிரித்தார். பிறகு ஓட்டுநர் சீட்டில் நான் இருப்பதைப் பார்த்து இன்னும் சிரித்தார். சிரிக்கட்டும். நான் பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கோட்டில் போய் நின்றேன். பக்கத்தில் தவுக்கேயின் பையன், பளபளக்கும் கார். கொடி விழுந்தது.

எடுத்த எடுப்பிலேயே நான் முன்னால். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முழுக் கார் நீளம் முன்னால். மூன்றாவது கியர் போடும்போது படபடப்பில் எச்சிலை விழுங்கினேன். காது 'டப்' என்று திறந்தது.

சரளைக்கல். பால் டின். அதே சத்தம்.

எதிரே கோடு தெரிகிறது. பக்கத்துக் கார் பின்னால் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் அண்ணனுக்கு வேலை. ஆனால் அது வெறும் சத்தமில்லை, எஞ்சின் உள்ளே சாகிற சத்தம். கோட்டுக்கு முன்னால் வெடித்தால் காரும் போச்சு, வேலையும் போச்சு. காலை எடுத்துவிட்டேன். தவுக்கே பையன் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

அண்ணன் ஓடி வந்தான். அவன் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"ஏன் புள்ள எடுத்தே? ஜெயிச்சாச்சுல்ல? கண்ணு முன்னாடி இருந்துச்சுல்ல? இதுக்கா ராவும் பகலும் ஒக்காந்து தேய்ச்சோம்? என் பொழப்பு உன் காலுல இருந்துச்சு, அதைத் தூக்கிப்புட்டியே, பாவி!"

"கத்தாதே. பிளக்கைக் கழட்டிப் பாரு."

"என்ன பாக்கச் சொல்றே இப்ப?"

"கழட்டுன்னா கழட்டு!"

கழற்றினான். மண் நிறத்தில் இருந்த பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நுனியில் பொடிப்பொடியாக வெள்ளி மினுங்கியது. பிஸ்டன் உருக ஆரம்பித்திருக்கிறது. அண்ணன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "எப்படி? மேல ஒரு தடவைகூடத் தட்டலையே" என்று பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் தெரியவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று பின்னால் போய், வீட்டிலிருந்து இறுக்க மூடிக் கொண்டுவந்த பிளாஸ்டிக் கேனை எடுத்தேன். கேன் பக்கவாட்டில் சப்பிப் போயிருந்தது, யாரோ மிதித்த மாதிரி. யாரும் மிதிக்கவில்லை. எங்கள் ரிங்லெட் கடையில் தொங்கும் கெரோப்போக் வறுவல் பொட்டலங்கள் கீழேயிருந்து மேலே வந்ததும் வயிறு ஊதிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். இது அதற்குத் தலைகீழ். நான் கேனை அண்ணன் முன்னால் நீட்டினேன்.

"அண்ணே, இங்க காத்து கனம்."

அவன் கேனைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். மலையில் காற்று மெலிசு. அதனால்தான் எவ்வளவு தேய்த்தும் தட்டவில்லை. அதனால்தான் பெட்ரோல் அதிகமாகத் தெரிந்து குறைத்துக்கொண்டே போனோம். மலைக்காற்றுக்கு அளவெடுத்துக் கட்டிய எஞ்சினைக் கொண்டுவந்து கீழ்க்காற்றில் ஓட்டியிருக்கிறோம். தாப்பாவில் பிறந்தவன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. மலைக்காரர்கள் நாங்கள்தான் செய்வோம்.

நான் நேரே தவுக்கேயிடம் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில், அவருக்குப் புரிகிற மாதிரிதான் பேசினேன்.

"தவுக்கே, உங்க பையன் என்னை ஜெயிக்கலை. என் காலு ஜெயிக்க விட்டுச்சு. இன்னொரு தடவை விடணும்."

"தோத்தா தோத்ததுதான் லா."

"அப்ப வந்து பிளக்கைப் பாருங்க. பாத்துட்டு அதே வார்த்தையைச் சொல்லுங்க. நாங்க போயிடறோம்."

வந்து பார்த்தார். பிளக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தம் கேட்டுத்தான் எடுத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "முன்னால போய்க்கிட்டு இருக்கும்போதா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மற்றவர்கள் ஓடி முடிக்கும்வரை நேரம் தந்தார்.

பழைய ஜெட்டுகள் மலையில் ஜன்னல் கட்டையில் சுகமாக இருந்தன. தவுக்கேயின் பெட்டியிலிருந்து நூல் கனத்துக்கு ஒரு துளைக்கும் ஊசியைக் கேட்டு வாங்கினோம். ஜெட்டை நான் குறட்டில் பிடித்துக்கொள்ள, அண்ணன் விரலாலேயே ஊசியைத் திருகித் துளையைப் பெரிதாக்கினான். கொஞ்சம் கூடினால் திரும்பக் குறைக்க முடியாது. அவன் கை ஆடவில்லை. பிறகு பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தான். அப்போதுதான் இறுகிய எஞ்சின் தட்டாமல் இருக்கும். வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை, நான்தான் எடை இல்லாதவள் ஆயிற்றே.

மறுபடி கோட்டில் நின்றோம். இந்த முறை எடுத்தவுடன் அவன் முன்னால். ஆத்திரமாக வந்தது எனக்கு. வாய்விட்டே திட்டினேன், நல்லவேளை அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டாவது கியரில் அவன் கதவுக்குப் பக்கத்தில் வந்தேன். மூன்றாவதில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கல் இல்லை, டின் இல்லை. சுத்தமான சத்தம். காலைத் தரையோடு தரையாக அழுத்தினேன். பானெட் அளவுக்கு முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினேன். அவ்வளவுதான் வித்தியாசம். அது போதும்.

தவுக்கே வாக்கு மாறவில்லை. அண்ணனிடம், "நாளைக்கே வந்துடு" என்றார். அண்ணன், "நாளைக்கு என்ன, இப்பவே இருக்கேன்" என்றான். வீட்டுக்கு வந்தால் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு இறங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். பட்டறைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. காரும் அங்கேயே நின்றது. துளை பெரிதாக்கிய ஜெட்டோடு மலை ஏறினால் அது கரியாகக் கக்கும். நான் காய்கறி இறக்கிவிட்டு மேலே திரும்பும் லோரி ஒன்றில் ஏறிக்கொண்டேன். ஜெயித்த சந்தோஷம் பாதி வழி வரை இருந்தது. அதற்கு மேல் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் என்பது உறைத்து, லோரிக்காரருக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். மூன்று பேருக்கு உலை வைத்திருந்தாள்.

"அண்ணன் எங்கடி?"

"கீழ. வேலை கெடச்சுருச்சு. இனிமே அங்கதான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு பெரிய சண்டைக்கு நான் தயாராக நின்றேன். வார்த்தைகளையெல்லாம் லோரியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை.

"இன்னைக்கு எத்தனை தடவை இருமினான்?"

நான் யோசித்தேன். விடிகாலை கற்பூரம் காட்டும்போது இருமினான். வளைவுகளில் இறங்கும்போது இருமினான். கீழே? அந்த ரோட்டில் ஓடினான். தலையில் அடித்துக்கொண்டான். என்மேல் அவ்வளவு கத்தினான், அத்தனை வார்த்தை, மூச்சு விடாமல். எஞ்சினுக்குள் ஒரு சின்னத் தட்டலைக் கேட்ட காது என்று பெருமையடித்துக்கொண்டு வருகிறேன். பக்கத்திலேயே இருந்த இதைக் கவனிக்கவில்லை.

"கீழ போனதுக்கப்புறம் இருமவே இல்லைம்மா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

அம்மா உலையை இறக்கி வைத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொடியில் கிடந்த அண்ணன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள்.

"காலையில லோரி எத்தனை மணிக்குக் கீழ எறங்குதுன்னு கேட்டு வை. கம்பளிச் சட்டையை வைக்காதே. அங்க அவனுக்கு வேணாம்."